ஏரி தெரிந்த பிறகு பேசலாம்

"இதோ, நேர் கீழதான் சார் ஏரி" என்று ஜெர்மானு கையை நீட்டினார். நீட்டிய கையின் விரல்களே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்படி ஒரு மூடுபனி.

லிஸ்பனிலிருந்து வந்திருந்த அன்செல்மு மரியாதைக்காகத் தடுப்புக் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். அவர் மனைவி கிராசியெத்தும் பார்த்தார். அன்செல்முவின் அத்தை சுல்மீரா மட்டும் காரைவிட்டு இறங்கவே இல்லை.

"பேரு நெருப்பு ஏரி. எரிமலை வாய்க்குள்ள தண்ணி நிக்குது. நீலம்னா அப்படி ஒரு நீலம்!"

"இருக்கும் சார்" என்ற அன்செல்மு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஜெர்மானு சார், நாங்க உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்னுதான்..."

ஜெர்மானு அவசரமாகக் கார்ப் பக்கம் திரும்பினார். "இங்க வேணாம் சார். ஏரி தெரியட்டும், அப்புறம் பேசலாம்."

என்ன விஷயம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய ஒரே மகள் லீதியா லிஸ்பனில் வேலை பார்க்கிறாள். இவர்கள் மகன் ரூபனும் அவளும் கிறிஸ்துமஸுக்கு மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். முந்தாநாள் அவள் போனில் பேசினாள். "அப்பா, ரூபனோட அப்பா அம்மா நம்ம தீவுக்கு வராங்க. ஒரு விஷயம் சொல்வாங்க. குறுக்கே பேசாம கேளுங்க. கோபம் மட்டும் படாதீங்கப்பா."

கோபப்படும்படி அப்படி என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? கல்யாணத்தை லிஸ்பனில் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஜெர்மானுவுக்கு அன்று ராத்திரி தூக்கமே போய்விட்டது. தன் ஊரான ஃபூர்னாஸில் நடந்த அத்தனை கல்யாணத்திலும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டவர் அவர். சொந்த மகள் கல்யாணத்துக்கு விமானம் ஏறிப் போய், முகம் தெரியாதவர்கள் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? விடியும்போது ஒரு யோசனை பிறந்தது. இந்த ஏரிகளைப் பார்த்தால் யாரும் மயங்குவார்கள். மயங்கிய பிறகு சம்பந்தி வாயைத் திறக்கட்டும்.

ஆயுசு முழுக்க இதே மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர் மூடுபனியை எப்படி மறந்தார் என்று கேட்கக்கூடாது. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"இன்னும் மேல போனா பளிச்சுன்னு இருக்கும்" என்று காரைக் கிளப்பினார்.

மேலே போனால் மழையும் சேர்ந்துகொண்டது. பார்வை மேடைக்குப் போகும் பாதை களிமண். அன்செல்மு வழுக்கி உட்கார்ந்தார். அவரைத் தூக்கப் போய் ஜெர்மானுவும் உட்கார்ந்தார். ஏற்கெனவே தகராறு செய்துகொண்டிருந்த முழங்கால் இப்போது வெளிப்படையாகவே முனகியது.

திரும்பும் வழியில் ஒரு மாட்டு மந்தை சாலையை அடைத்துக்கொண்டது. கார் நின்றது. அன்செல்முவுக்கு வசதியாகப் போயிற்று.

"சார், எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. நீங்க மனசைத் தேத்திக்கணும்..."

ஜெர்மானு ஹாரனில் கையை வைத்து அழுத்தினார். எடுக்கவே இல்லை. மாடுகள் மிரண்டு நாலா பக்கமும் சிதறின.

"யோவ், அறிவிருக்கா?" என்று மாட்டுக்காரர் ஓடிவந்தார். "மாடு என்ன உன் பஸ்ஸுக்கா காத்துக்கிட்டு நிக்குது? இறங்கி வந்து ஓட்டிக் குடு!"

ஜெர்மானு இறங்கி மழையில் மாடு ஓட்டினார். அன்செல்முவும் பெருந்தன்மையாகக் கூட இறங்கி ஓட்டினார். பின்சீட்டிலிருந்து சுல்மீரா அத்தையின் குரல் வந்தது: "அட, சொல்லித் தொலையேன்டா அன்செல்மு!"

கிழவிதான் லிஸ்பனுக்குக் கொடி பிடிக்கிறாள் போலிருக்கிறது என்று ஜெர்மானு நினைத்துக்கொண்டார்.

உடம்பெல்லாம் சேறு. இப்படியே வீட்டுக்குப் போனால் அவர் மனைவி தியோலிந்தா உள்ளே விடமாட்டாள். ஊர்ப் பூங்காவில் இருக்கும் வெந்நீர்க் குளத்துக்குக் கூட்டிப்போனார். பூமிக்கடியிலிருந்து வரும் இரும்புச்சத்துத் தண்ணீர். அலுப்பெல்லாம் போய்விடும். அதில் இறங்க உள்ளூர்க்காரர்கள் பழைய கறுப்புத் துணிதான் போடுவார்கள். அதை விருந்தாளிக்குச் சொல்லவேண்டும் என்பது ஜெர்மானுவுக்குத் தோன்றவில்லை.

கிராசியெத் புதிதாக வாங்கிய வெள்ளை நீச்சலுடையில் இறங்கினார். மஞ்சளில் முக்கியெடுத்த மாதிரி ஏறினார். தன் உடையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. ஒரு நீச்சலுடைக்கு இவ்வளவு அழுகையா என்று ஜெர்மானுவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கழுத்தளவு தண்ணீரில் நின்ற அன்செல்மு பக்கத்தில் வந்தார். "சார், இனிமேலும் தள்ளிப்போட்டா தப்பு..."

ஜெர்மானு மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டார். எழுந்து பார்த்தபோது அன்செல்மு அதே இடத்தில் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். இன்னொரு தடவை முங்க ஜெர்மானுவுக்குத் தெம்பில்லை.

"சாப்பாடு ஆயிருக்கும் சார், வாங்க" என்று கரையேறினார்.

சாப்பாடு ஃபூர்னாஸ் ஏரிக்கரையில், மண்ணுக்குள் வெந்துகொண்டிருந்தது. விடிகாலையில் பானையைத் துணி சுற்றிக் குழியில் இறக்கி, மண்ணைக் குவித்து, பெயர்ப்பலகை நட்டுவிட்டால், மத்தியானத்துக்குள் பூமிச் சூடே சமைத்துக் கொடுத்துவிடும். கரை முழுக்கப் புகை. அதன்மேல் பனி.

"அழுகின முட்டை நாத்தம்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார் சுல்மீரா அத்தை.

"வேலியோரத்து மேடு என்னோடது" என்றார் ஜெர்மானு, பானை எடுத்துக் கொடுப்பவரிடம்.

"பலகையைப் பாத்தீங்களாண்ணே?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அங்கதான்யா எங்க பானை. எனக்கெதுக்குப் பலகை?"

வீட்டில் தியோலிந்தா மேசையில் தட்டு வைத்துக் காத்திருந்தாள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு மூடியைத் திறந்தாள். முட்டைகோஸ் இருந்தது. கேரட் இருந்தது. சேப்பங்கிழங்கு இருந்தது. கரண்டியைவிட்டு அடிவரை துழாவினாள்.

"ஏங்க, கறி எங்க? மாடு, பன்னி, கோழி, ரெண்டு வகை சாஸேஜ், எல்லாம் வச்சேனே!"

"வேலியோரத்துல நீ வச்சதைத்தானே எடுத்துட்டு வந்தேன்?"

"நான் போறதுக்குள்ள அந்தக் குழியை யாரோ பிடிச்சிட்டாங்க. அதனாலதானே தள்ளி வச்சுட்டுப் பலகை நட்டேன். படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

மாமிசத்தையே தொடாத யாரோ சுற்றுலாக்காரர்கள் இந்நேரம் ஏரிக்கரையில் ஜெர்மானுவின் பன்றிக் காலைப் பார்த்து மிரண்டுகொண்டிருப்பார்கள்.

ஜெர்மானு கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார். காலையிலிருந்து ஓடிய ஓட்டத்துக்கு மிஞ்சியது இந்த முட்டைகோஸ்தான். அழுகை வந்தது. அடக்கவும் தெம்பில்லை.

"சொல்லிடுங்க சார். லிஸ்பன்லதான்னா லிஸ்பன்லயே வச்சுக்கோங்க. என்னால இதுக்கு மேல முடியல."

"எதை சார்?" என்றார் அன்செல்மு.

"கல்யாணத்தைத்தான். வேற எதை? அதைச் சொல்லத்தானே காலையிலேருந்து தவிக்கிறீங்க. நானும் ஏரியைக் காட்டி உங்க மனசை மாத்தலாம்னு பாத்தேன். ஏரி வரல. ஒரே பொண்ணு சார். நம்ம கோயில்ல, நம்ம ஜனங்க நடுவுல கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. அவ்வளவுதான்."

தியோலிந்தா எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு மேசைவிரிப்பை எடுத்துவந்து கிராசியெத்தின் மடியில் வைத்தாள். ஓரத்தில் நீலப் பூவேலை. நடுவில் ரூபன், லீதியா என்று இரண்டு பெயர். "குளிர்காலம் பூரா தைச்சேன். லிஸ்பனுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

கிராசியெத் விரிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினார்.

அன்செல்மு வாயைத் திறந்தார், மூடினார். எதிரே கண்ணைத் துடைத்தபடி, ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி திறந்தார்.

"இங்கயே வச்சுக்கலாம் சார்."

"என்னது?"

"இங்கயே. உங்க ஊர்லயே. இல்லையா கிராசியெத்?"

"ஆமாங்க" என்றார் கிராசியெத் விரிப்புக்குள்ளிருந்து. "இங்கயே வச்சுக்கலாம்."

ஜெர்மானு முழங்காலை மறந்து துள்ளி எழுந்து சம்பந்தியைக் கட்டிக்கொண்டார். ஒயின் வந்தது. செப்டம்பரில் மூடுபனி அவ்வளவாக இருக்காது என்று தியோலிந்தா சொன்னாள். செப்டம்பர் முதல் சனிக்கிழமை என்று முடிவானது. எத்தனை பானை புதைப்பது என்பதுவரை பேச்சு போயிற்று. அன்செல்மு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு கிளாஸ் கிளாஸாகக் குடித்தார். ஜன்னலுக்கு வெளியே பனி விலகி, மலை மெதுவாகத் தெரிய ஆரம்பித்தது.

அதுவரை கேரட்டை மென்றுகொண்டிருந்த சுல்மீரா அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தேதியெல்லாம் சரிதான்டா அன்செல்மு. போன மாசம் சண்டை போட்டு மோதிரத்தைத் திருப்பிக் குடுத்துட்டுப் பிரிஞ்சுபோன அந்த ரெண்டு பிள்ளைங்ககிட்ட இதை யாரு போய்ச் சொல்றது?"