பிரயாணிக்கு ஒருசந்தி இல்லை

எழுபதுகளின் கடைசியில் ஒரு சாம்பல் புதனன்று, நெற்றியில் இட்ட சாம்பல் உதிர்வதற்குள் யாகப்பன் ஒரு சபதம் எடுத்தார். எடுத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எடுக்க வைத்தவள் மனைவி ஞானசுந்தரி. ஈஸ்டர் வரைக்கும் இருவருக்கும் ஒருசந்தி. கறி இல்லை, மீன் இல்லை, முக்கியமாக ஒயின் இல்லை.

முதல் வாரம் வீரமாகப் போயிற்று. இரண்டாம் வாரம் பக்தியாகப் போயிற்று. மூன்றாம் வாரம் போகவே மாட்டேன் என்றது. வில்லியனூர்ப் பக்கம் தன் கரும்புக் கொல்லையில் நிற்கும்போதுகூட அவர் கண்ணுக்குப் பாகூர் தாமஸ் ஓட்டலின் திராட்சைப் பந்தல்தான் தெரிந்தது. தாமஸ், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா. தன் கையாலேயே ஒயின் போட்டு, பந்தலடியில் மேஜை போட்டு, வாத்துக் கறியோடு பரிமாறுவார். அங்கே உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது என்பது யாகப்பனின் கொள்கை.

அந்த நேரம் பார்த்து, கோயில் உபதேசியார் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்.

"பிரயாணம் போறவங்களுக்கு ஒருசந்தி கட்டாயம் இல்லப்பா."

யாகப்பன் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வீட்டுக்குள் நுழையும்போதே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"கரையாம்புத்தூர்ல அல்போன்ஸ் மாமாவுக்கு ஒடம்பு ரொம்ப முடியலயாம் ஞானம். நாளைக்கு ஸ்கூட்டர எடுத்துக்கினு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"ஐயோ பாவம்! நானும் வரேன்."

"நீ எதுக்குடி? ரோடெல்லாம் குண்டும் குழியும்."

"கஞ்சி வெச்சி எடுத்தாரேன். ஒடம்பு முடியாதவரப் பாக்க வெறுங்கையோடவா போவாங்க?"

வரட்டுமே, அவளும் பிரயாணிதானே என்று யாகப்பன் மனசைத் தேற்றிக்கொண்டார். மறுநாள் காலை தூக்குவாளி நிறையக் கஞ்சியோடு அவள் பின்சீட்டில் ஏறினாள்.

பாகூரில் பந்தலைக் கண்டதும் ஸ்கூட்டர் தானாக நின்றது போல நின்றது. மேஜையில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, உபதேசியார் சொன்ன சட்டத்தை யாகப்பன் தன் சட்டமாக எடுத்து விட்டார்.

"பரவால்லயே! இதெல்லாம் எப்பங்க படிச்சீங்க?" என்று ஞானசுந்தரி கண்ணை அகல விரித்தாள்.

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "தாமசு! வாத்துக் கறி, கெண்டை வறுவல், ரொட்டி, ஒரு பாட்டில் ஒயின். அவசரமே இல்ல."

தாமஸ் உள்ளே போனார். ஞானசுந்தரி எழுந்து தூக்குவாளியைக் கையில் எடுத்தாள்.

"கிளம்புங்க. அங்க ஒரு மனுசன் மூச்சுக்கு இழுத்துக்கினு கெடக்கறாரு. இங்க கால நீட்டிக்கினு விருந்தா?"

"கொஞ்ச நேரம்டி."

"ஒரு நிமிசம் ஆவாது. எந்திரிங்க."

தாமஸ் பாட்டிலோடு வெளியே வந்துகொண்டிருந்தார். வெயிலில் அது மாணிக்கமாக ஜொலித்தது. யாகப்பன் உடைந்து போனார்.

"உக்காரு ஞானம். மாமாவுக்கு ஒண்ணுமில்ல. கல்லுகுண்டாட்டம் இருக்காரு. இங்க வர்றதுக்குத்தான் கிளம்பினேன். போதுமா?"

அவள் கோபப்படவில்லை. நிதானமாக உட்கார்ந்தாள்.

"அப்ப நீங்க போய்ச் சேர வேண்டிய எடம் இதுதானா?"

"இதேதான்."

"வந்து சேந்துட்டீங்க?"

"சேந்துட்டேன்."

"அப்ப பிரயாணம் முடிஞ்சிடுச்சி. ஒருசந்தி ஆரம்பிச்சிடுச்சி." அவர் முன்னால் இருந்த கிளாஸ் அவள் பக்கம் நகர்ந்தது.

"ஒனக்கு மட்டும் இல்லியா?"

"நான் கரையாம்புத்தூர்னு நம்பிக் கிளம்பினவ. இன்னும் நடுவழியிலதான இருக்கேன்? சாமிக்கு நெனப்புதாங்க கணக்கு."

"தங்கச்சி சொல்றதுல ஞாயம் இருக்குதுண்ணே" என்றபடி தாமஸ் அவள் கிளாஸை நிரப்பினார்.

யாகப்பன் சும்மா விடுவாரா? "திரும்பிப் போறதும் பிரயாணந்தான? பாட்டில கட்டிக் குடு தாமசு, வழியில பாத்துக்கறேன்."

"பேஷா கட்டிக்கோங்க" என்று, அதற்குள் தட்டில் வந்திறங்கிய வாத்துக் காலைக் கடித்தாள். "வழியில தமிழ்நாட்டுத் துண்டு ஒண்ணு குறுக்க வருமே. அங்க மதுவிலக்கு. புளியமரத்தடி போலீசு ஊதச் சொல்லுவானே."

காலையில் தாண்டி வந்த எல்லைதான். ஒயின் ஞாபகத்தில் தமிழ்நாட்டையே மறந்து தொலைத்திருந்தார்.

"அப்ப ஒன்ன ஊதச் சொல்ல மாட்டானா?"

"பொம்பளைய எவன்யா ஊதச் சொல்லுவான்?" என்று அவளுக்கு முந்திக்கொண்டு தாமஸ் கேட்டார்.

சரியாக மூன்று மணி நேரம். அவருடைய கொள்கையை அவள் ஒரு நிமிஷம் குறைக்காமல் காப்பாற்றினாள். நடுவில் தூக்குவாளியைத் திறந்து அவருக்குக் கஞ்சி ஊற்றினாள். ஓரத்தில் நார்த்தங்காய் ஊறுகாய் வைத்தாள். யாகப்பன் நிமிர்ந்து பார்த்தார். அல்போன்ஸ் மாமா நார்த்தங்காயைக் கையால்கூடத் தொடமாட்டார். அது யாகப்பனுக்கு உயிர்.

"எனக்குன்னே கொண்டாந்தியா?"

"உபதேசியாரு ஒங்ககிட்ட சொன்னத எங்கிட்டயும் சொன்னாருங்க."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு மூளையை இருபது வருஷமாகச் சோறு வடிக்க விட்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. கூடவே, இவள் நம் பெண்டாட்டி என்று பெருமையாகவும் இருந்தது. கஞ்சியும் நன்றாகத்தான் இருந்தது, அதையும் ஒளிப்பானேன்.

சாயங்காலம் புளியமரத்தடியில் போலீஸ்காரர் கை காட்டினார்.

"ஊதுய்யா."

யாகப்பன் ஊதினார். நார்த்தங்காய் மணந்தது. போலீஸ்காரர் நம்பாமல் இன்னொரு முறை ஊதச் சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"பாகூர்லேர்ந்து வந்து சரக்கு வாசனையில்லாம ஊதின மொத ஆம்பள நீதான்யா! அம்மா, நீங்க குடுத்து வெச்சவங்க."

முந்தானையால் வாயை இறுக மூடிக்கொண்டு, பின்சீட்டுப் பிரயாணி பணிவாகத் தலையாட்டினாள்.