வசன உதவி

கட்டின பெண்டாட்டி தனியாக இருக்கும்போது சொன்ன ஒன்றை வெளியே சொல்லாமல் இருப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். இருபத்தாறு வயதில் எனக்கு அந்தச் சும்மா இருக்கிற வேலைகூட ஒழுங்காக வரவில்லை.

அப்போது நான் பழவேற்காட்டில் ஒரு ஐஸ் பேக்டரியில் குமாஸ்தா. கல்யாணமாகி ஏழு மாதம். உடம்பு ஐஸ் பேக்டரியில் இருந்தாலும் மனசு கோடம்பாக்கத்தில் இருந்தது. நாற்பது பக்க நோட்டில் ஒரு சினிமாக் கதை எழுதி வைத்திருந்தேன். (அதில் முப்பது பக்கம் கதாநாயகன் நடந்து வருவான்.) கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஐஸ் கட்டிகளை எண்ணுவேன். முதலாளி எனக்கு மெட்ராஸ் ஐ வந்திருப்பதாக நினைத்து ஒரு வாரம் பக்கத்திலேயே வரவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் குப்பத்துக்கு ஒரு படக்குழு வந்து இறங்கியது. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. எல்லாரும் அரை வெளிச்சத்தில் நின்று மெதுவாகப் பேசுகிற படம். துறைமுகத்தில் காண்டிராக்ட் பிடிக்கத் துடிக்கிற ஒருவன், தன் சிநேகிதனின் மனைவியை மயக்குகிறான். அவள் மூலமாகவே சிநேகிதனிடம் ஒரு கையெழுத்து வாங்கி, மொத்தக் குப்பத்தையும் விற்றுவிடுகிறான். கடைசியில் அவன் கேட்டதெல்லாம் கிடைக்கிறது, கூட உட்கார்ந்து சாப்பிட மட்டும் ஆள் இல்லை. இதுதான் கதை.

டைரக்டர் ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனிதர். பேச்சு நிஜமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். நடிகர்களுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார். நான் பேக்டரியில் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். ‘என்ன’ வேண்டாம், ‘இன்னா’ என்று கதாநாயகனைப் பத்து நாள் படுத்தியதில், அவர் சென்னையில் இருக்கும் தன் அம்மாவிடம் போனில் இன்னா இன்னா என்று பேசி அந்த அம்மாளை அழவைத்துவிட்டார்.

ஒரு நாள் காலை டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் ஊரில் ஒருத்தன் ஆசையாக எப்படிப் பேசுவான் என்று கேட்டார். நோட்டை எடுத்து, உன் கண்கள் ஏரியில் நீந்தும் மீன்கள் என்று படித்தேன். அவர் ரொம்ப நேரம் ஏரியைப் பார்த்தார். நாளெல்லாம் மீனோடு கிடக்கிறவன் ஆசை வந்தாலும் மீனைப் பற்றியா பேசுவான் என்றார். அவமானமாகப் போய்விட்டது. அந்த அவமானத்தில்தான் உண்மையைச் சொன்னேன்.

கல்யாணமான இரண்டாவது மாதம் அது. இறால் பெட்டிகளுக்கு ஐஸ் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் பெண்டாட்டி வனிதா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். “நீ பக்கத்துல இருந்தா எறா நாத்தம்கூட எனக்குத் தெரியல வனிதா” என்றேன். அவள் திரும்பாமலே சொன்னாள்: “எனக்கு நல்லா தெரியுது. போய்க் குளிச்சிட்டு வா. அப்புறமா பக்கத்துல இரு.”

டைரக்டர் இதை இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். டைட்டிலில் ‘வசன உதவி’ என்று என் பெயரைப் போடுவதாகச் சொன்னார். யார் வாயில் வரப்போகிறது என்று நான் கேட்கவில்லை.

படப்பிடிப்பு அன்றுதான் தெரிந்தது. துரோகியும் சிநேகிதனின் மனைவியும் பேசிக்கொள்கிற இடம். இந்தப் பேச்சு முடிந்ததும் அவள் போய்ப் புருஷனிடம் கையெழுத்து வாங்கப்போகிறாள். சார், இது வேண்டாம், இது எங்க வீட்டுப் பேச்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு உதவி டைரக்டர் வந்து, பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியலா, இரண்டு இனிஷியலா என்று கேட்டார்.

இரண்டும் போடுங்கள் என்றேன்.

அடுத்த வருஷம் படம் முடிந்ததும் டைரக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முதல் காட்சி எங்கள் ஊருக்குத்தான் என்று அப்போதே சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் ஏலம் விடுகிற கொட்டகையைச் சுற்றி நீலத் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கி, ஒரு வெள்ளைத் துணியில் படம் போட்டார்கள். வனிதா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். என் பெயரைப் பார்ப்பதற்கென்றே ஆரம்பாக்கத்திலிருந்து தன் தங்கை கவிதாவையும் வரவழைத்திருந்தாள். இரண்டு இனிஷியலோடு என் பெயர் வந்ததும் கொட்டகை விசிலடித்தது. எல்லாருக்கும் முன்னால் கை தட்டியவள் வனிதா. (இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும்.)

அந்த இடம் வந்தது. நான் தார்ப்பாயில் இருந்த ஓட்டையைக் கவனமாக ஆராயத் தொடங்கினேன். திரையில் அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்திச் சிரித்துக்கொண்டே, போய்க் குளிச்சிட்டு வா என்றாள். கொட்டகையே சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது கவிதாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

“அக்கா, இது நீ சொன்னது இல்ல?”

வனிதா உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் அதைச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒருத்தி இவள்.

முன்வரிசைப் பெண்கள் திரும்பினார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், அப்படியானால் கதையும் வனிதாவோடதுதானா என்று கேட்டது எனக்கே கேட்டது. ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அந்தச் சந்தேகம் கரை முழுக்கப் போயிருக்கும். பெண்டாட்டியின் மானத்தைக் காப்பாற்ற எழுந்து நின்றேன். நின்ற இடம் புரொஜக்டருக்கு நேர் முன்னால். என் நிழல் திரையில் அந்தக் காதலர்கள் இருவருக்கும் நடுவில் போய் விழுந்தது.

“கத அவளுது இல்ல,” என்றேன். “பேச்சு மட்டும்தான் அவளுது. என்கிட்ட சொன்னது. எங்க வூட்ல. நான் குளிக்காதப்ப.”

அதற்குப் பிறகு யாரும் படம் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். சந்தேகம் தீர்ந்துவிட்டது, ஆனால் சிரிப்பு தீரவில்லை. வனிதா எழுந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தங்கையோடு தார்ப்பாயை விலக்கிப் போய்விட்டாள்.

மறுநாள் பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில் பிடித்து ஆரம்பாக்கம் போனேன். வனிதாவின் நைனா வாசலில் மொபெட்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், “குளிச்சிட்டு வந்தீங்களா மாப்ள?” என்று கேட்டார். செய்தி எனக்கு முந்தின ரயிலிலேயே வந்துவிட்டது.

மத்தியானம் வரைக்கும் வனிதா வெளியே வரவில்லை. வந்தபோது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

“நீயே அந்த நடிகைய கட்டிப்புடிச்சி நடிச்சிருந்தாகூட போனா போதுன்னு வுட்டுருப்பேன். நான் ஆசையா சொன்னத, புருசன ஏமாத்துறவ வாய்ல கொண்டுபோய் வெச்சிட்டியே.”

எனக்குப் பொய் எதுவும் தோன்றவில்லை. அதனால் உண்மையைச் சொன்னேன். படப்பிடிப்பு அன்றே தெரியும், நிறுத்தியிருக்கலாம், இரண்டு இனிஷியலுக்கு ஆசைப்பட்டு நிறுத்தவில்லை என்றேன். அந்தப் படத்துத் துரோகியாவது ஒரு துறைமுகத்துக்கு ஆசைப்பட்டான். வனிதா கேட்டாள்:

“உன் பேர இன்னான்னு போட்டாங்க?”

“வசன உதவி.”

“வசனம் யாருது?”

“உன்னுது.”

“அப்ப நீ இன்னா உதவி பண்ண?”

அங்கேயே நின்று டைரக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதறிவிட்டார். வெளியீட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அந்த இடத்தையே வெட்டிவிடுகிறேன், அந்த அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்றார். வனிதா வாங்கினாள். வெட்ட வேண்டாம், ஊரே கேட்டாயிற்று, வனிதா என்று என் பெயரைப் போடுங்கள் என்றாள். பிறகு சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னாள்:

“அந்தப் பொண்ணு தப்பா சொல்லிச்சு சார். அத மூஞ்சியப் பாத்து சொல்லக் கூடாது. திரும்பாம சொல்லணும். திரும்புனா சிரிப்பு வந்துடும்.”

ஒன்றரை வருஷமாக அன்றைக்கு அவள் வேலை மும்முரத்தில்தான் திரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எழுத்தாளன் ஆகாததற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

அன்று சாயங்கால ரயிலில் என்னோடு வந்துவிட்டாள். பொன்னேரி வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளைத் திரும்பச் சொல்லவில்லை.

படம் எங்கும் பெரிதாக ஓடவில்லை. ஆனால் அந்த டைரக்டர் அடுத்த படத்துக்கும் போன் செய்தார், வனிதாவுக்கு. இப்போது மூன்று படங்களில் அவள் பெயர் வந்திருக்கிறது. நடிகைகள் எங்கள் வீட்டுக்கு வந்து அவளிடம் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். நான் டீ போட்டுக் கொடுக்கிறேன்.

போன மாதம் எங்கள் மகளின் வகுப்பில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். ஐஸ் பேக்டரி மேனேஜர் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த பிள்ளை அவள். எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள்:

“எங்கம்மா பேசுவாங்க டீச்சர். எங்கப்பா அதுக்கு அவரு பேர போட்டுக்குவாரு.”