கண்டக்டர் வீட்டு ரீத்து

“மாமா குளிக்காங்கன்னு சொல்லுதேன் மாமி, கேக்குதா?”

“ஆரு மக்கா குளிப்பாட்டுதா?” என்று கேட்டுவிட்டுப் பங்கஜாட்சி மறுபடியும் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “என்றெ தெய்வமே! நேத்து அந்திக்குகூட எங்க மதில்ல சாஞ்சு நின்னு பப்பாளிக்காய் கேட்டாரே!”

பின்சிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வீட்டுக்குப் பின்னால் குளியலறையில் மாமனார் ராபின்சன் வாளியை உருட்டும் சத்தம் கேட்கத்தான் செய்தது. எதிர்வீட்டுப் பங்கஜாட்சியின் ஒப்பாரி அதை அமுக்கிவிட்டது.

எல்லாம் வாசற்கதவில் தொங்கிய வளையத்தால் வந்த வினை.

கேரள எல்லைச் செக்போஸ்ட் பக்கத்து அமரவிளையில் பின்சி பூ வேலை தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. ஓணத்துப் பூக்கோலமும் மணமகள் பூச்செண்டும் டவுண் கடைகளுக்குப் போய்விடும், அவளிடம் வருவதெல்லாம் சாவு வீட்டுக்கு ரீத்து என்னும் மலர்வளையம் மட்டும்தான். கணவன் வினீத் மூங்கிலைப் பிளந்து வளையம் கட்டித் தருவான். அவள் பூ வைத்துக் கட்டுவாள். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் அவள் கையால் பூ வாங்கிய யாரும் அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை. துக்க வீட்டுக்காரர்கள் எப்படிச் சிரிப்பார்கள்? வழியில் அவளைக் கண்டால்கூடச் சிலர் ‘யாருக்கு என்ன ஆச்சு?’ என்பது போலப் பார்த்தார்கள்.

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் தோழி லிஜா, தன் வீட்டுக் கதவில் தொங்கிய கிறிஸ்மஸ் வளையத்தைப் படம் எடுத்து அனுப்பியபோது பின்சிக்கு மனசுக்குள் விளக்கு எரிந்தது. சவுக்கு இலையைச் சுற்றி, சிவப்பு மஞ்சாடிக்குருவைக் கொத்துக் கொத்தாக ஒட்டி, பொன் நிறத்தில் ரிப்பன் கட்டி, ஒன்றல்ல, நாற்பது செய்தாள். சவுக்கு இலை நாலு நாள்தான் பச்சையாக இருக்கும். இன்று டிசம்பர் இருபத்தொன்று. ஒன்றுகூடப் போகவில்லை. இந்த நாற்பதும் காய்ந்து போனால் இனி வாழ்நாள் முழுக்க சாவு ரீத்துதான் என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

அதனால்தான் விடிந்ததும் ஒன்றை எடுத்துத் தன் வாசற்கதவிலேயே மாட்டினாள். ராபின்சன் இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“இத இஞ்ச ஆரு பாக்கப் போறா?” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குச் சாயா குடிக்கப் போனார். இருபத்தெட்டு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எதையும் பாராட்டிப் பழக்கமில்லை.

அவர் திரும்பி வந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன பிறகுதான் பங்கஜாட்சி ஓடி வந்தாள்.

“மாமி, இது கிறிஸ்மஸ் ரீத்தாக்கும். வெளிநாட்டுல எல்லா வீட்டுலயும் மாட்டுவாங்க.”

“கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் தொங்கவிடணும், கேக்கு வெட்டணும். ரீத்து எதுக்கு? அண்ணைக்கு ஏசு பிறந்த நாளா, செத்த நாளா?”

பின்சி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் ஷாஜியின் ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். ஐந்து பேர் கையிலும் கைக்குட்டை.

முதலில் இதைக் கழற்ற வேண்டும். பின்சி பாய்ந்து போய் வளையத்தைக் கதவிலிருந்து எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்தில் கிடந்த பிரம்பு நாற்காலியில் வைத்தாள்.

அது ராபின்சனின் நாற்காலி. காலையும் மாலையும் அவர் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் நாற்காலி. ஆளில்லாத அந்த நாற்காலியில் வளையத்தைக் கண்டதும் இறங்கிய ஐந்து பேரும் ஒரே குரலில் அழுதார்கள்.

“ஷாஜி, நீயாவது சொல்லப்படாதா, மாமா நல்லா இருக்காருன்னு?” என்று பின்சி ஆட்டோவுக்குள் குனிந்தாள்.

ஷாஜி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் ஓட்டத்துக்கு வந்தவனாக்கும் அக்கா. அங்க இன்னும் ஆளு நிக்குது” என்று வண்டியைத் திருப்பிவிட்டான்.

பின்சி குளியலறைக் கதவைத் தட்டினாள். “மாமா, சீக்கிரம் வாங்க! நீங்க செத்துப் போனதா ஆளு வந்து நிக்குது!”

“நிக்கட்டும். தலையில சோப்பு கெடக்கு.”

“மாமா!”

“செத்தவனுக்கு என்னத்துக்கு மக்கா அவசரம்?”

இனி ஒரே வழி, சபையின் வாட்ஸப் குழுவில் உண்மையைச் சொல்வது. சொன்னால் நம்புவார்களா? படம் போட்டால் நம்புவார்கள். போன மாதம் ஸ்டுடியோவில் எடுத்த படம் கைபேசியில் இருந்தது. நீல நிறப் பின்னணி, கோட்டு, டை, தலையைப் படிய வாரி, நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் ராபின்சன். அதைப் போட்டுவிட்டு, கீழே எழுதத் தொடங்கினாள்.

எழுதி முடிப்பதற்குள் முப்பத்திரண்டு கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. ‘கர்த்தருக்குள் இளைப்பாறட்டும்.’ ‘நல்ல மனிதர். ஒருநாளும் பாக்கிச் சில்லறை தராமல் இருந்ததில்லை.’ ‘அடக்கம் எப்போ?’ அவள் எழுதிய ‘மாமா உயிரோட இருக்காங்க’ அந்தக் கைகளுக்கு அடியில் எங்கோ போய்விட்டது.

கைபேசி அலறியது. காஞ்சிரங்குளத்தில் மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கும் மாமியார் புஷ்பபாய்.

“பின்சி, நான் விதவையாம். வாட்ஸப்புல கண்டேன். அந்த மனுசன் எங்க?”

ராபின்சன் இடுப்பில் துண்டோடு வந்து போனை வாங்கினார். “புஷ்பம், நான் செத்தா மொதல்ல உன்கிட்ட சொல்லாமலா போவேன்? வை. நான் சட்டை தேய்க்கணும்.”

“சட்டை அப்புறம் தேய்க்கலாம் மாமா, இப்பிடியே வந்து முகத்தக் காட்டுங்க!”

“இத்தன பேரு பாக்க வந்திருக்கும்போ துண்டோடயா வாறது?”

அவர் சாவதானமாக இஸ்திரி போட்டார். ஷாஜியின் ஆட்டோ இரண்டாவது தடவை வந்து போனது. மூன்றாவது தடவையும் வந்து போனது. முற்றத்தில் ஐம்பது பேருக்கு மேல் ஆகிவிட்டது. நெய்யாற்றின்கரையில் மொபைல் கடை வைத்திருக்கும் வினீத், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி பைக்கில் பறந்து வந்தான். காலையில் அப்பாவோடு உட்கார்ந்து புட்டு தின்றுவிட்டுப் போனவன்தான். இருந்தும் இருபது பேர் போனில் துக்கம் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும்.

“அப்பா!” என்று ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தான்.

“விடுலே, சட்ட கசங்கும்.”

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் படிய வாரிய முடி. ராபின்சன் வாசலுக்கு வந்து கைகூப்பி நின்றதும் பங்கஜாட்சி “அம்மே!” என்று அலறித் தன் கணவன் சதானந்தன் மேலேயே சாய்ந்தாள். சதானந்தனுக்கு எழுபத்தாறு வயது, இதயத்தில் இரண்டு குழாய் வைத்தவர். அவர் அவளைத் தாங்கினாரா, அவள் அவரைத் தாங்கினாளா என்று சொல்வது கடினம்.

“வந்தது வந்தாச்சு. எல்லாரும் கட்டன்சாயா குடிச்சிட்டுப் போங்க” என்றார் ராபின்சன்.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் பின்னோக்கி வந்து வாசலில் நின்றது. டிரைவர் நிபின் பின்கதவைத் திறந்தான். உள்ளே கண்ணாடி மூடி போட்ட பிரீசர் பெட்டி.

“பெட்டிய எங்க வைக்கணும்? பிளக்கு எங்க உண்டு?”

“எனக்குத்தானாக்கும்” என்று ராபின்சன் பக்கத்தில் போய்ச் சாண் போட்டுப் பார்த்தார். “நீளம் போதும். ஆனா இப்ப வேண்டாம் மக்கா, சாப்பாட்டு நேரம்.”

நிபின் மூன்றடி பின்னால் நகர்ந்தான். “சபை செக்ரட்டரியாக்கும் புக் பண்ணினாரு” என்று முனகினான்.

செக்ரட்டரி ரெத்தினதாஸ் பின்னாலேயே கமிட்டி ஆட்களோடு வந்துகொண்டிருந்தார். கையில் பெரிய வட்டமாக ஒரு ரீத்து. ராபின்சனைக் கண்டதும் அவர் நடை நின்றது, வாய் திறந்தது, மூடவில்லை. பின்சியின் கண்ணில் ரீத்து மட்டும்தான் பட்டது.

“இது எங்க வாங்கினது?”

“அது... டவுண்ல...”

“எங்க வீட்டுச் சாவுக்கு வேற கடை ரீத்தா?” இவ்வளவு நேரம் வராத கண்ணீர் இப்போது அவளுக்கு வந்தது. “மூணு வருசமாட்டு இந்தச் சபைக்குக் கட்டித் தாறேன். எங்க மாமாவுக்கு நான் கட்டமாட்டனா? பாருங்க, நேத்தையப் பூ! கம்பி வெளிய தெரியுது!”

“நீ துக்கத்துல இருப்ப, உன்கிட்ட எப்பிடி மக்கா கேக்கது?” ரெத்தினதாஸ் ரீத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நடந்ததை எல்லாரும் சேர்ந்து விளக்கியதும் அவருக்குக் கோபம் வந்தது. “எல்லாம் இந்த வளையத்தால! நல்ல நாளும் அதுவுமா இத ஆரு வாசல்ல மாட்டுவா? நாப்பதையும் அழிச்சிப் போடு.”

கூட்டம் தலையாட்டியது. பின்சி உள்ளே சாய்த்து வைத்திருந்த முப்பத்தொன்பதையும் திரும்பிப் பார்த்தாள். வினீத் அவள் கையை யாருக்கும் தெரியாமல் பிடித்துக்கொண்டான். மூங்கில் கிழித்த தழும்பெல்லாம் அவன் விரலில் இருந்தது.

“செக்ரட்டரி நிக்கணும்” என்றார் ராபின்சன். பழைய பஸ் குரல் அது. எல்லாத் தலையும் திரும்பியது. “ஒருத்தன் செத்ததா பேச்சு வந்தா அவனுக்கு ஆயுசு கூடும்னு சொல்லுவாங்க. உண்டா இல்லியா?”

“உண்டு” என்றாள் பங்கஜாட்சி, மூக்கைச் சிந்திக்கொண்டே.

“அப்போ, எம் மருமவ ஒரு வளையத்த மாட்டினா. எனக்குப் பத்து வருசம் கூடியாச்சு. எந்த டாக்டரு தந்தான் பத்து வருசம்?”

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் சிரித்தார். சதானந்தன் மட்டும் சிரிக்கவில்லை. குழாய் வைத்த நெஞ்சைத் தடவியபடி முன்னால் வந்தார்.

“பிள்ளே, எனக்கு ஒண்ணு எடு.”

“மாமா, அது கிறிஸ்மஸுக்கு...” என்று இழுத்தாள் பின்சி.

“எதுக்குன்னாலும் எடு.”

அதற்குப் பிறகு பின்சிக்கு மூச்சு விட நேரமில்லை. அம்மாவுக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று, திருப்புறத்தில் படுத்துக் கிடக்கும் பெரியப்பாவுக்கு ஒன்று. ராபின்சன் படியில் நின்று, “இடிக்காதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க, வாங்கினவங்க உள்ள தள்ளி நில்லுங்க, பின்னால எடம் உண்டு!” என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார். நிபின் ஒன்று வாங்கிப் பிரீசர் வேனின் முன்னாலேயே கட்டினான். ரெத்தினதாஸ் கமிட்டிக்கு ஐந்து வேண்டும் என்றார். ஆளுக்கு ஒன்றுதான் என்று பின்சி கறாராகச் சொல்லிவிட்டாள். கதவில் மாட்டியதைக்கூட விடவில்லை, கடைசியாக வந்தவர் நாற்காலியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

பங்கஜாட்சி தன் வளையத்தை இரண்டு கையாலும் ஏந்தி, சாலையைக் கடக்கும் முன் திரும்பிப் பார்த்து பல் முழுக்கத் தெரியச் சிரித்தாள். பின்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கட்டிய பூவை வாங்கிக்கொண்டு ஒருவர் சிரித்துப் போவது இதுவே முதல் தடவை.

வெயில் தாழ்ந்தபோது முற்றத்தில் சவுக்கு இலைத் துணுக்குகள் மட்டும் கிடந்தன. வினீத் புதிய மூங்கில் பிளக்க உட்கார்ந்தான். நாளைக்கு இன்னும் இருபது வேண்டுமாம். ராபின்சன் தன் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, பேப்பரைப் பிரித்தார்.

“பயித்தியக்கார ஆளுங்க” என்று முணுமுணுத்தார். “ஒரு வளையத்தக் கண்டா செத்தான்னு நினைப்பாங்களா?”

“சாரி மாமா” என்றாள் பின்சி. “என்னால உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்.”

“சரி, சரி. சாயா போடு.”

அவள் உள்ளே திரும்பும்போது ஷாஜியின் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. ராபின்சன் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கினார். ஷாஜி பின்சியைக் கவனிக்காமல் தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

“கண்டக்டர் மாமா, காலைல சாயாக்கடைல நீங்க சொன்னபடி செக்போஸ்ட்டு முதல் திருப்புறம் வரைக்கும் சொல்லி அழுதாச்சு. நாளைக்கு ஆரு சாவணும்?”