பெஹாலாவில் நான் கொன்ற குளம்

நான் ஒரு குளத்தைக் கொன்றிருக்கிறேன். மண் லாரி இல்லை, ஆள் படை இல்லை. லேக் கார்டன்ஸ் வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, முறுக்கு தின்றுகொண்டே, லேப்டாப்பில் கொன்றேன்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி கொல்கத்தா வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. படித்து முடித்து, புவியியலில் முனைவர் பட்டத்துக்கும் இங்கேயே சேர்ந்தேன். பெஹாலா பக்கம் காணாமல் போகும் குளங்களைப் பற்றி ஆராய்ச்சி. பழைய வரைபடத்தையும் புதிய செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பேன். அன்று நீலமாக இருந்த இடம் இன்று பச்சையாக இருந்தால், ‘மண் கொட்டி மூடப்பட்டது’ என்று எழுதிவிடுவேன். நேரில் போய்ப் பார்க்க ஒரு ஆட்டோ, ஒரு பஸ், அவ்வளவுதான். நான் போகவில்லை. (முதலில் வெயில். அப்புறம் மழை. அப்புறம் துர்கா பூஜை வந்துவிட்டது.)

என் நெறியாளர் ஒரு வங்காளி. வெள்ளைத் தாடி, மெல்லிய குரல், ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. என் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் படித்தவர், ஒரு குளத்தின் மேல் விரலை வைத்து, இதை நேரில் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அப்படியானால் சனிக்கிழமை எனக்கும் காட்டு, பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அடுத்த வாரம் ஆய்வுக்குழு கூடுகிறது. அவர் கையெழுத்து இல்லாவிட்டால் என் பதிவே ரத்தாகிவிடும்.

சனிக்கிழமை, ஏற்கெனவே வந்து பார்த்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஃபோனில் வழி பார்த்தபடி அவரைச் சந்து சந்தாகக் கூட்டிப்போனேன். கடைசிச் சந்து முடியும் இடத்தில் பச்சைப்பசேலென்று ஒரு மைதானம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “பாருங்க சார், புல்தரை” என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் ஈரமாகத் தெரிகிறதே என்று இழுத்தார். நேற்றைய மழை என்றேன்.

அப்போது பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு மாஷிமா (இங்கே வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம்), அந்தப் பக்கம் போகாதே என்று வங்காளத்தில் கத்தினார். எனக்குச் சட்டென்று புரிந்தது. (எனக்கு எல்லாமே அந்த வயதில் சட்டென்று புரியும்.) சாரிடம் குனிந்து, குளத்தை மூடியவர்களின் ஆளாக இருக்கும், இப்படித்தான் மிரட்டுவார்கள் என்று கிசுகிசுத்தேன். பிறகு, நீதி கேட்கப் போகிறவள் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

முதல் அடி நன்றாக இருந்தது. இரண்டாவது அடி கொஞ்சம் மெத்தென்று இருந்தது. மூன்றாவது அடியில் தரை இல்லை.

அது புல் இல்லை, ஆகாயத்தாமரை. குளம் முழுக்க இடைவெளி இல்லாமல் மண்டிக் கிடந்தது. அடியில் நான் மூடிவிட்ட தண்ணீர் மொத்தமும் பத்திரமாக இருந்தது. வாய் நிறைய அதைக் குடித்துவிட்டு, தலையில் ஒரு கொத்து இலையோடு மேலே வந்தேன். கால் சேற்றில் புதைந்திருந்தது, தண்ணீர் கழுத்துவரை இருந்தது. சார் கரையில் குனிந்து, தழுதழுத்த குரலில் கேட்டார்.

“ஆழம் எவ்வளவும்மா இருக்கும்?”

என் மேல் எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன். அப்புறம்தான் பார்த்தேன், கையில் நோட்டுப் புத்தகமும் பேனாவும் வைத்திருந்தார்.

மாஷிமாதான் துணி காயப்போடும் மூங்கில் கழியோடு ஓடி வந்தார். அவரும் சாருமாக என்னை இழுத்துப் போட்டார்கள். மாஷிமா என்னைக் குழாயடியில் உட்காரவைத்துத் தலையில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினார். நான்தான் அவரை ரவுடிக் கூட்டத்தில் சேர்த்திருந்தேன். அவரோ வீட்டுக்கு வந்த பெண்ணுக்குப் பழைய துணி தரக்கூடாது என்று, பூஜைக்கு எடுத்துக் கட்டாமலே வைத்திருந்த புதுப்புடவையைக் கட்டிவிட்டார். வெள்ளைப் புடவை, அகலமான சிவப்புக் கரை, இங்கே கல்யாணமான பெண்கள் கட்டுவது. பயந்திருக்கிறாள் என்று நெற்றியில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டும் வைத்து அனுப்பினார்.

என்னைத் தனியாக அனுப்ப சாருக்கு மனசில்லை. டாக்சியில் கூடவே வந்தார். முதல்முறை ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது என்று வழியில் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பும் வாங்கிக்கொண்டார்.

அப்பா அப்போது வேலையாக ஹல்தியா போயிருந்தார். அம்மாதான் கதவைத் திறந்தாள். அம்மா சாரை அதற்குமுன் பார்த்ததில்லை. சிவப்புக்கரைப் புடவையைப் பார்த்தாள். பொட்டைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற வெள்ளைத் தாடியைப் பார்த்தாள். கடைசியில் ஸ்வீட் பெட்டியைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் சார் கைகூப்பி, தழைந்த குரலில், நடந்த எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு, இனி இவளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அம்மா செருப்பு வைக்கும் ஸ்டாண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏட்டி,” என்றாள் என்னைப் பார்த்து, “வயசையாவது பாத்திருக்கக் கூடாதா?”

பிளாஸ்டிக் பையிலிருந்து ஈர சுடிதாரை எடுத்துக் காட்டி, குளத்தில் விழுந்த கதையை மூன்று முறை சொன்ன பிறகுதான் நம்பினாள். அப்போதும், குளத்தில் விழுந்தவளுக்கு எதுக்குட்டி குங்குமம் என்ற கேள்வி பாக்கி இருந்தது. சாருக்குத் தமிழ் தெரியாது. இந்தக் கூச்சலெல்லாம் தமிழர் விருந்தோம்பல் என்று நினைத்து, காபியை ரசித்துக் குடித்துவிட்டுப் போனார்.

கையெழுத்துப் போடவில்லை. குழுவிடம் ஆறு மாத அவகாசம் வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு குளமாக நடந்து பார்த்தேன். நான் சாகடித்த குளங்களில் பாதி உயிரோடு இருந்தன. மீன் பிடித்தார்கள், பாத்திரம் தேய்த்தார்கள், ஒன்றில் வாத்துகூட இருந்தது. பட்டம் ஒரு வருடம் தாமதமாக வந்தது. வந்த பட்டத்தில் பொய் இல்லை.

ஹல்தியாவிலிருந்து திரும்பி வந்த அப்பா அன்றிலிருந்து சாரை ‘மாப்பிள்ளை’ என்றுதான் சொல்கிறார். ஒருமுறை அவர் காதுபடவே சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று சார் கேட்க, எங்கள் ஊரில் மிகவும் மதிப்புள்ளவர்களை அப்படித்தான் அழைப்போம் என்று அப்பா சமாளித்தார். (பொய்யும் இல்லையே.)

சார் இப்போது ஓய்வு பெற்று, மனைவியோடு நியூ டவுனில் இருக்கிறார். துர்கா பூஜை முடிந்து வரும் ஒவ்வொரு விஜயாவுக்கும் வாழ்த்துச் சொல்ல மறக்காமல் ஃபோன் செய்வார். அப்பா ஸ்பீக்கரில் போடுவார், அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொள்வாள். அந்தப் பக்கத்திலிருந்து, கஷ்டப்பட்டுப் பழகிய தமிழில், கணீரென்று வரும்:

“நமஷ்கார். நான் மாப்பிள்ளை பேசுகிறேன்.”