சிவப்புத் துண்டும் நான்காவது கோச்சும்

எதையும் ஒரே முறை செய்து எனக்குப் பழக்கமில்லை. பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்ட பிறகு, உறையில் ஊர்ப்பெயர் எழுதினேனா என்று பெட்டியின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பேன். (ஒருமுறை தபால்காரர் வந்து பெட்டியைத் திறக்கும்வரை வெயிலில் காத்திருந்து, உறையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். எழுதித்தான் இருந்தது.) இப்படிப்பட்ட நான், வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தை யோசிக்காமல் செய்தேன். அதன் பலனாகப் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் பட்டப்பகலில் தரையில் குப்புறப் படுக்க வேண்டியதாயிற்று.

அறுபதுகளில் நடந்தது. விருதுநகர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் என் கணவர் கணித ஆசிரியர். தற்காலிக வேலை. ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறை வந்தால், அடுத்த வருடம் உண்டா இல்லையா என்று அவரை நான்கு தடவை கேட்பேன். எங்கள் மகள் மல்லிகாவுக்கு அப்போது ஒன்பது மாதம். வாடகை வீடு, கல்லூரி மைதானத்துச் சுவரை ஒட்டி இருந்தது. பந்து வாரத்துக்கு இரண்டு தடவை எங்கள் முற்றத்தில் வந்து விழும். அவர் எடுத்துக் கொடுப்பார். கால்பந்தோடு அவருக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

அந்த வருடம் கல்லூரி அணிக்குக் கோச் நிலைக்கவே இல்லை. முதலில் இருந்தவர், "பந்தை வானத்துக்கு அடி, பெறகு அது விழுற எடத்துக்கு ஓடு" என்று சொல்லிக்கொடுத்தார். அவருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்து வந்தவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார். பந்து தரையை விட்டு எழும்பவே கூடாது, பூட்ஸ் இல்லாதவன் உள்ளே வரக் கூடாது என்றார். கரட்டிலும் முள்ளிலும் வெறுங்காலில் வளர்ந்த பையன்களுக்குப் பூட்ஸ் போட்டதும் கொப்புளம் வந்தது. ஆளுக்குத் தினம் ஒரு முட்டை வேண்டும் என்று பிரின்ஸ்பாலோடு சண்டை போட்டு அவரும் மூன்றே வாரத்தில் போனார். மூன்றாமவர் மதராஸில் விளையாடியவர். பூட்ஸைக் கழற்றச் சொன்னார். மேசையில் தீப்பெட்டிகளை அடுக்கி வியூகம் காட்டினார். தன் கல்யாணத்துக்கு என்று நான்கு நாள் விடுப்பில் போனவர், திரும்பவே இல்லை.

ஆனால் அதிசயம் பாருங்கள், அணி ஜெயித்துக்கொண்டிருந்தது. பாதிப் பேர் முதல் கோச் சொன்னபடி வானத்துக்கு அடித்தார்கள். பாதிப் பேர் ஹவில்தார் சொன்னபடி தரையில் உருட்டினார்கள். கேப்டன் காளிராஜ் மட்டும் தன்னை ஒரு தீப்பெட்டியாக நினைத்துக்கொண்டு நடுவில் நின்றான். எதிரணிக்கு இந்த ஆட்டம் புரியவே இல்லை. (எங்களுக்கும்தான்.)

ஒருநாள் பிரின்ஸ்பால் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

"கணக்கு சார், மைதானத்தை ஒட்டித்தான குடியிருக்கீக?"

"ஆமாங்கய்யா."

"அப்ப நீங்கதான் கோச்."

"ஐயா, எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதுங்களே."

"தெரிஞ்ச மூணு பேர் ஓடிப் போயிட்டாங்க. நீங்களாவது இருப்பீகள்ல?" என்றவர், குரலைத் தணித்து, "நம்ம காலேஜ் கமிட்டித் தலைவரு ஒரு பந்துப் பைத்தியம். அடுத்த மேட்ச்ச மட்டும் ஜெயிச்சுக் குடுங்க. உங்க வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி நானே பேசுறேன்" என்றாராம்.

இவர் வீட்டுக்கு வந்து சொன்னதும் எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கையோடு ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகமும் கொண்டுவந்திருந்தார். கால்பந்து விதிகள். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். அவர் சாப்பிடும்போது நான் வாசித்து அர்த்தம் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. சரியாகத்தான் சொன்னேனா என்ற சந்தேகத்தில் முழுப் புத்தகத்தையும் நான்கு தடவை படித்தேன்.

"ஆஃப்சைடுன்னா என்னம்மா?"

"இந்தா பாருங்க, இந்த அப்பளம் கோல். இந்தக் கத்திரிக்காய் கோல்கீப்பர். இந்த வத்தல் நம்ம ஆளு..." என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் கோல்கீப்பரைச் சாப்பிட்டுவிட்டார்.

மேட்ச் கடலோரத்து ஊர்க் கல்லூரி ஒன்றோடு. முதல்நாள் சிவகாசியிலிருந்து என் அண்ணன் வந்தான். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். தோளில் ஒரு சாக்கு.

"என்னண்ணே இது?"

"சரவெடித்தா. புதுச் சரம். லோடு ஏத்துறதுக்கு முன்னாடி எப்படியும் ஒண்ண வெடிச்சுப் பாக்கணும்ல? மாப்பிள்ள ஜெயிக்கையில வெடிச்சா ரெண்டு வேலையும் முடிஞ்சிரும்."

எங்கள் பக்கம் வெடி போடாமல் எந்த நல்ல காரியமும் நிறைவேறியதாகக் கணக்கில்லை. கல்யாணத்துக்கு வெடி, காதுகுத்துக்கு வெடி, தேர்தலுக்கு இரண்டு கட்சியும் வெடி. அதனால் யாரும் இதில் தப்புக் காணவில்லை. ஆனால் மைதானத்துக்குள் வெடிக்கக் கூடாது என்று பிரின்ஸ்பால் சொல்லிவிட்டார். எனவே கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த உயரமான சுவருக்கு வெளியே, சந்தில் அண்ணன் நிற்பது என்று முடிவாயிற்று. அங்கிருந்து அவனுக்கு ஆட்டம் தெரியாது. எங்கள் மொட்டைமாடி தெரியும். மாடியில் நிற்கும் எனக்கு ஆட்டமும் தெரியும், அண்ணனும் தெரிவான்.

"ரெஃப்ரி கடைசி விசில் ஊதி நாம ஜெயிச்சிட்டோம்னா மட்டும் இந்தச் சிவப்புத் துண்டைக் காட்டு" என்று இவர் துண்டை என் கையில் கொடுத்தார். "அதுக்கு முன்னாடி காட்டிராத."

"கடைசி விசில்னு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் வெளிய வருவாங்கள்ல."

"இடைவேளைக்கும் வெளிய வருவாங்களே?"

"எம்மா, நீ ஒண்ணுக்கு நாலு தடவை யோசிக்கிறவ. அதுனாலதான் இந்த வேலையவே உங்கிட்டக் குடுக்கிறேன்."

மறுநாள் மல்லிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியில் நின்றேன். துண்டை நான்காக மடித்துக் கட்டைச்சுவரின் உட்பக்கம், யார் கண்ணிலும் படாமல் ஒரு செங்கல்லுக்கு அடியில் வைத்தேன். செங்கல் கனமாக இருக்கிறதா என்று இரண்டு தடவை தூக்கிப் பார்த்தேன்.

அப்படி ஒரு ஆட்டத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. செம்மண் புழுதி கிளம்பி ஆளே தெரியவில்லை. கடலோரத்துப் பையன்கள் நீல பனியனும் பூட்ஸுமாகக் குதிரை மாதிரி ஓடினார்கள். இடைவேளைக்கு முன்பே ஒரு கோல் போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் கோட்டுக்கு வெளியே நின்று, "அடிங்க! இல்ல, உருட்டுங்க! உங்களுக்குத் தோணுறதச் செய்யுங்கப்பா!" என்று கத்தினார். நான்கு கோச்சுகள் சொன்னதில் இந்த ஒரு யோசனைதான் எல்லாருக்கும் புரிந்தது போலிருக்கிறது. இடைவேளை முடிந்து வந்ததும் காளிராஜ் நாற்பது கஜத் தூரத்திலிருந்து ஓர் உதை விட்டான் பாருங்கள், பந்து கம்பத்தின் உள்பக்கம் பட்டு உள்ளே போனது. ஆளுக்கு ஒன்று! நான் மாடியில் குதித்தேன். மல்லிகாவும் என்னோடு குதித்தாள். 'நிரந்தரம், நிரந்தரம்' என்று என் மனசு அடித்துக்கொண்டது.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. பந்து காளிராஜ் காலுக்கு வந்தது. ஒருவனைத் தாண்டினான். நான் கட்டைச்சுவரை ஒட்டி முன்னால் போனேன். அந்த நேரம் பார்த்து இடுப்பில் சூடாக ஏதோ ஓடியது. மல்லிகா என் சேலையை நனைத்துவிட்டாள்.

பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் கை தானாக ஒரு துணியைத் தேடும். தேடியது. எடுத்தது. பிள்ளையைத் துடைத்தது. கண் பந்து மேலேயே இருந்தது. துடைத்த துணியை இரண்டு உதறு உதறி, ஈரம் காயட்டும் என்று கட்டைச்சுவரின் மேல், முனை முனையாக இழுத்துச் சுருக்கமில்லாமல் விரித்துப் போட்டேன். (வளர்ப்பு அப்படி.)

அடுத்த நிமிடம் சுவருக்கு அந்தப் பக்கம் உலகம் இரண்டாகப் பிளந்தது.

ஆயிரம் வெடிச் சரம். அதுவும் புதுச் சரம். காக்கைகள் எல்லாம் ஒரே மூச்சில் மரத்தை விட்டுக் கிளம்பின. கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து புகை மைதானத்துக்குள் உருண்டு வந்தது. நீல பனியன்கள் பதினொன்றும் தலையைக் கையால் பொத்திக்கொண்டு தரையில் விழுந்தன. வெளியூரிலிருந்து வந்திருந்த ரெஃப்ரியும் விசிலை வாயில் வைத்தபடியே குப்புற விழுந்தார்.

எங்கள் பையன்கள்? சிவகாசியிலும் திருத்தங்கலிலும் வெடிச் சத்தத்தில் தொட்டில் ஆடியவர்கள். ஒருவன் தலையைக்கூடத் திருப்பவில்லை. காளிராஜ் பந்தைத் தட்டிக்கொண்டே போனான். படுத்திருந்த ஆட்களைச் சேற்றுக் குட்டை மாதிரிச் சுற்றிப் போனான். பிறகு, குப்புறக் கிடந்த கோல்கீப்பருக்குப் பக்கத்தில் மரியாதையாகப் பந்தை உருட்டி உள்ளே விட்டான்.

"நல்ல சரம்லே. நடுவுல ரெண்டு மட்டும் புஸ்ஸாயிருச்சு" என்று அவன் சொன்னது அங்கே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டதாம்.

எனக்கோ அண்ணன் மேல் அப்படி ஒரு ஆத்திரம். துண்டைக் காட்டும் முன்னாலேயே பற்ற வைத்துவிட்டானே, பொறுமை இல்லாத பயல்!

கீழே ஒரே கூச்சல். ரெஃப்ரி எழுந்து மண்ணைத் தட்டினார். "கோலா? நான் பார்க்கவில்லையே" என்றார். எதிரணிக் கோச், "பாம் வச்சு ஜெயிக்கிறதா இருந்தா முன்னாலேயே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினார். எங்கள் ஆட்கள், "நீங்க படுத்ததுக்கு நாங்க என்னய்யா செய்ய?" என்றார்கள். இவர் மாடியைப் பார்த்துக் கையை ஆட்டினார். "ஏம்மா! அந்தப் பொஸ்தகத்த எடுத்துட்டு ஓடி வா!"

பிள்ளையும் புத்தகமுமாக ஓடினேன். நாலைந்து பேர் விலகி வழி விட்டார்கள். இவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார், திருப்பி என்னிடமே கொடுத்தார்.

"நாலு தடவை படிச்சவ நீதான். இதுக்கு என்ன போட்டிருக்கு?"

எனக்குத் தெரியும். எந்தப் பக்கம், எத்தனையாவது வரி என்றுகூடத் தெரியும். வெளியிலிருந்து ஏதாவது குறுக்கிட்டு ஆட்டத்தைக் கெடுத்தால், ஆட்டத்தை நிறுத்தி, நடுவர் பந்தைக் கீழே விட்டு மறுபடி தொடங்கவேண்டும். அதற்குப் பிறகு போட்ட கோல் செல்லாது. 'ஒன்றும் போடவில்லை' என்று சொன்னால் போதும். அத்தனை ஆண்களில் ஒருவரும் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. இவர் முகத்தைப் பார்த்தேன். ஆசையாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லலாமா? சொன்னால் பாவமா? சொல்லாவிட்டால் வேலை? நாக்கு என்னைக் கேட்காமலேயே வாசித்துவிட்டது, முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில்.

"கோல் செல்லாது" என்றார் ரெஃப்ரி.

அந்த நேரத்தில்தான் வாசல் வழியாக அண்ணன் ஓடிவந்தான், உடம்பெல்லாம் வெடித் தாளும் வாயெல்லாம் சிரிப்புமாக.

"மாப்பிள்ள! எத்தன கோல்ல ஜெயிச்சோம்?"

"இன்னும் முடியலடா மச்சான்! எதுக்குய்யா வெடிச்ச?"

"என்னது முடியலையா? பெறகு எதுக்கு இவ துண்டக் காட்டுனா? ஒரு தடவைக்கு ரெண்டு தடவ உதறிக் காட்டுனாளே!"

மைதானம் முழுக்கத் திரும்பி எங்கள் மாடியைப் பார்த்தது. கட்டைச்சுவரில் சிவப்புத் துண்டு, நான்கு முனையும் இழுத்துவிட்டு, அழகாகக் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் மட்டும் ஈரம்.

பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று காத்திருந்தேன். அது அன்றைக்கு ஏற்கெனவே ஒருமுறை பிளந்துவிட்டதால் பேசாமல் இருந்தது. மல்லிகா மட்டும் ரெஃப்ரியின் விசில் கயிற்றைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள்.

மிச்சமிருந்த நிமிடங்களில் நீல பனியன்கள் வெறியோடு ஆடி ஒரு கோல் போட்டு ஜெயித்துவிட்டார்கள். அந்த நேரம் எங்கள் கோல்கீப்பர், சரம் என்ன விலை என்று அண்ணனிடம் விசாரித்துக்கொண்டிருந்தான் என்று ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன்.

வீட்டில் இவர் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் பெரிய தண்டனை.

"ஒண்ணும் போடலன்னு சொல்லியிருக்கணுமோ?" என்றேன்.

"தெரியல."

"வேலை போயிருமோ?"

"அதுவும் தெரியல. சோத்தப் போடு."

இரண்டு நாள் கழித்து எங்கள் இருவரையும் கமிட்டித் தலைவர் கூப்பிட்டுவிட்டார். மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த பெரிய மனிதர். மண்டிக்குள் நுழைந்ததுமே வத்தல் நெடியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் அழுவதாக அவர் நினைத்துவிட்டார்.

"அட, எதுக்குத்தா அழுவுற? அந்த ரூல வாசிச்சது நீதானா?"

"ஆமாங்கய்யா."

அவர் அங்கே வந்திருந்த பிரின்ஸ்பால் பக்கம் திரும்பினார். "மூணு கோச்சு வந்தாங்களே, ஒருத்தனாவது அந்தப் பொஸ்தகத்தத் தொறந்தானாய்யா?"

பிரின்ஸ்பால் வத்தல் மூட்டையைப் பார்த்தார்.

"நம்ம கோல் போயிரும்னு தெரிஞ்சும் உள்ளத உள்ளபடி வாசிச்சிருக்கு இந்தப் பிள்ள. கணக்கு சார் பாடம் நல்லா நடத்துறார்னு பயக எல்லாஞ் சொல்றாங்க. நிரந்தரமாக்கிருங்க" என்றார். எனக்கு இப்போது நிஜமாகவே அழுகை வந்தது. எழுந்து கும்பிட்டேன். அவர் கையமர்த்தி, "இருத்தா, இன்னும் முடியல. பிரின்ஸ்பாலு, ஆர்டர்ல ஒரு வரி சேத்து எழுதணும். சொல்றேன், எழுதிக்கோங்க" என்றார்.

மறுவாரம் ஐந்தாவது கோச் வந்தார். என் வீட்டுக்காரருக்கு ஆர்டர் வந்தது. கணிதத் துறையில் நிரந்தர நியமனம். கீழே அந்த வரி: 'பந்தாட்டம் தொடர்பான எந்தப் பொறுப்பும் இவருக்கோ, இவருடைய குடும்பத்தாருக்கோ எக்காலத்திலும் அளிக்கப்பட மாட்டாது.'

மல்லிகாவைப் பெண் பார்க்க வந்தபோது, பெண்ணுக்குப் பாட்டு வருமா என்று கேட்டார்கள். அண்ணன் முந்திக்கொண்டு, "பாட்டு வராது. ஆனா ஒம்பது மாசத்துலயே ஒரு ஃபுட்பால் மேட்ச்ச முடிச்சு வச்சவ" என்றான். கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டார் காப்பியைத் தொட்டார்கள். போன மாதம் மல்லிகாவின் மகனைப் பள்ளிக்கூடத்து அணியில் சேர்த்திருக்கிறார்கள். பெற்றோரும் மைதானத்துக்கு வந்து உற்சாகப்படுத்த வேண்டும் என்று சீட்டு வந்ததாம். அவள் நேராகப் போய் அந்தக் கோச்சிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்:

"சார், எங்க குடும்பத்துக்கு எழுத்து மூலமாத் தடை இருக்கு. வேணும்னா ஆர்டர் காப்பி கொண்டாந்து காட்டுறேன்."