என் பேரில் ஒரு பிரசவ லீவு

ஒத்துக்கொள்கிறேன். பிரசவ லீவுக்கு விண்ணப்பித்த ஆண்பிள்ளை நான். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், ஈப்போ நகரத்துத் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பழகிவிட்டு, சிம்பாங் பூலாய் கிளையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் தகுதிகாண் காலம். வேலை நிரந்தரமானால் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவதை விட்டுவிடலாம்.

ஈப்போவில் நான் பழகிய கம்ப்யூட்டரில் திரையை அணைத்தாலே போதும், நம்மை அடியோடு மறந்துவிடும். கிளையில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது வேறு ரகம். டெலிபோன் கம்பி வழியே ஈப்போவிலுள்ள பெரிய கம்ப்யூட்டரோடு பேசும். இங்கே திரையை அணைத்தாலும் அங்கே நம் கணக்கு திறந்தே கிடக்கும். முறையாக விடைபெற்றுத்தான் வெளியேற வேண்டும். உடன் வேலை செய்த லெட்சுமி அக்கா இதை இரண்டு முறை சொன்னார். (ஈப்போவில் படித்தவனுக்கே பாடமா என்று நினைத்தேன். அவ்வளவு திமிர்.)

ஒரு சாயங்காலம், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் திரையை மட்டும் அணைத்துவிட்டு ஓடினேன். நிறைமாதமாக இருந்த அக்கா மறுநாள் எனக்கு முன்பே வந்து திரையைப் போட்டிருக்கிறார். அது கடவுச்சொல் கேட்கவில்லை. தான்தான் நேற்று மூட மறந்துவிட்டோம் என்று நினைத்து, தன் லீவு விண்ணப்பத்தைத் தட்டிவிட்டார். நாளையும் காரணத்தையும் மட்டும்தான் அது கேட்கும், பெயரைத் தானே எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டது என் பெயரை.

அந்த வாரமே ஈப்போவில் என் வேலையை நிரந்தரமாக்கும் நேர்காணல். இரவல் டையோடு போய் உட்கார்ந்தேன். மேலாளர் கம்ப்யூட்டர் அச்சடித்துத் தந்த, ஓரத்தில் துளை போட்ட நீளக் காகிதத்தை என் முன் விரித்தார்.

"தம்பி, திங்கக்கிழமையிலேருந்து பிரசவ லீவுன்னு போட்டிருக்கீங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

பக்கத்து அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. திரையை மட்டும் அணைத்துவிட்டு ஓடியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவழியாக நடந்ததைச் சொல்லி, அக்காவின் லீவை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"லீவு அவங்களுக்கு. உங்களுக்கு இன்னும் மூணு மாசம் தகுதிகாண். ஒழுங்கா மூடப் பழகிட்டு வாங்க லா."

அம்மா இன்னும் மூன்று மாதம் பால்மரம் வெட்டினார். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. கிளை அலுவலகமும் இல்லை. ஆனால் கதை மட்டும் போகவில்லை. என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்த லெட்சுமி அக்கா, குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு என் மனைவியிடம் சொன்னது, இன்றும் மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எங்கள் வீட்டில் ஒலிக்கிறது.

"நீ கவலப்படாம வேலைக்குப் போம்மா. லீவு இவன் பேர்லதான் இருக்கு."