விரிசல் போதாத சாப்பாட்டுக் கூடம்

விரிசல் போதவில்லை என்று வரைபடம் திரும்பி வந்திருந்தது.

சிதம்பரத்துக்கு வெளியே, ஊர் ஊராகப் பிரித்துக் கொண்டுவந்த பழைய வீடுகளை நிறுத்தி ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம். வருகிறவர்கள் சாப்பிட அங்கே ஒரு கூடம் கட்டணும். வரைகிற வேலை அருண்பாண்டியனுக்கு. கூடம் "சுற்றுப்புறத் தொன்மைக்கு ஊறு விளைவிக்காத வகையில்" இருக்கணுமாம். அதற்குத் தொன்மைச் சான்று தரும் அதிகாரி மலர்க்கொடி வழி சொன்னார்: புதுசையே பழசாகக் கட்டிவிடுவது.

விரிசல் விடாமல் கட்ட நாலு வருஷம் படித்தவன், மறுபடி உட்கார்ந்து பதினேழு விரிசல் வரைந்தான். நன்றாகவே வந்தது. ஒன்றை ஸ்டேட்டஸில் கூட வைத்தான்.

அருங்காட்சியக வாசலில் தார்ப்பாய் கட்டிச் சாப்பாடு விற்கிற தைலம்மாளுக்குத்தான் கூடம் என்று பேச்சு. மழை வந்தால் அவள் அடுப்பு அணைந்துவிடும், அன்றைக்கு வியாபாரம் போச்சு.

"ஒழுகாம இருந்தா போதும் தம்பி."

"ஒழுகாதுக்கா. ஒழுகுற மாதிரி தெரியும், அவ்ளோதான்."

"தெரிஞ்சா எவன் உள்ள வருவான்?"

பாவம், தொன்மை தெரியாத மனுஷி என்று இவன் பரிதாபப்பட்டான்.

கூடம் வரைந்தபடியே எழுந்தது. திறப்பு விழாவுக்கு முதல் நாள், கட்டட உறுதியைப் பார்க்கும் அதிகாரி தமீம் அன்சாரி வந்தார். விரிசல்களை எண்ணினார். "இடியும் நிலை, உள்ளே செல்லாதீர்" என்று ஒட்டினார்.

"சார், அது டிசைன்."

"எனக்கு விரிசல். அடைச்சிட்டு வாங்க, சான்று தரேன்."

"அடைச்சா தொன்மைச் சான்று போயிடும்," என்றார் மலர்க்கொடி.

இரண்டு பேரும் கலந்து பேசி நல்ல முடிவாக எடுத்தார்கள். கூடத்தில் யாரும் சாப்பிட வேண்டாம், வெளியே நின்று பார்த்தால் போதும். ஜனங்கள் விரிசல் தெரிகிற மாதிரி செல்ஃபி எடுத்தார்கள். பண்ருட்டி மாமா போன் பண்ணி, "மாப்ள, நம்ம புது வீட்டு ஹால்லயும் ரெண்டு விடேன்," என்றார். எத்தனை அடி நீளம் என்று இவன் கேட்டான்.

அப்புறம் மலர்க்கொடி ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. வாசலில் உள்ள சாப்பாட்டுக் கடைத் தார்ப்பாய், கூடத்தின் தொன்மைத் தோற்றத்தை மறைக்கிறது. வடிவமைப்பாளரே பன்னிரண்டு மணிக்குள் அவிழ்த்து அகற்ற வேண்டும்.

போனான். தார்ப்பாய்க்குக் கீழே கூட்டம். நடுவில் மலர்க்கொடியும் தமீம் அன்சாரியும் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவுத்துடலாமா மேடம்?"

"ஆர்டர் ஆர்டர்தான். சார் இன்னும் மோர் சாதம் சாப்பிடல, அதான் பாக்குறேன்."

"கையில என்ன தம்பி லெட்டரு?" என்றாள் தைலம்மாள்.

"ஒண்ணுமில்லக்கா. எனக்கும் ஒரு தட்டு போடு."

தட்டு சுட்டது. கடிதத்தை நாலாக மடித்து அடியில் கொடுத்துக்கொண்டான். தார்ப்பாய்க் கயிறு காதுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒன்றரை மணி வரைக்கும் அதைத் தொடவில்லை.